கழுத்துக்குள் தங்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மா நலம். என்னைப் பற்றிச் சற்றுப் பொறுத்து எழுதுகிறேன். அங்கு நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு உறங்கி, நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

மூன்று மாதமாக நான் தொலைபேசியில் பேசாததை, இங்கே கிடைத்த வேலையை உதறிவிட்டு நீ அங்கேயே தங்கியதால் வந்த கோபம் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறாயாம். அப்பாவுக்கு இன்னும் மூஞ்சி நேராகலையா என்று அம்மாவிடம் கேட்டாயாம். அந்த முடிவு தவறு. நீ அங்கே தங்கியது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு; அது கோபம் அன்று. நின்றுகொண்டு படிக்கிறாயென்றால் உட்கார்ந்துகொள். என் குரல்வளையில் ஒரு கட்டி இருக்கிறது. புற்றுநோய்தான். வாயைத் திறந்தால் காற்று மட்டுமே வருகிறது. உன் அலுவலகப் பதவி உயர்வுத் தேர்வு முடியும்வரை சொல்லக் கூடாது என்று அம்மா வாக்கு வாங்கியிருந்தாள். தேர்வு நேற்று முடிந்தது; ஆகவே இன்று எழுதுகிறேன்.

கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கிறது. கதிர் கட்டியை மட்டும் சுடாது, போகிற வழியிலுள்ள நல்ல சதையையும் சுடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை ஊசி வழியாகக் கட்டிக்குள் செலுத்தியிருக்கிறார்கள். நானோ துகள் என்று பெயர். தங்கம் சதையைவிட அதிகமாகக் கதிரைப் பிடித்து, அந்த இடத்திலேயே சிதறடிக்குமாம். அடி கட்டிக்குக் கூடுதலாக விழும். இன்னும் ஆய்வு நிலையில் உள்ள முறை, பலனுக்கு உறுதி தர முடியாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். எடைக்கற்களைச் சோதிக்கும் உத்தியோகத்தில் இருப்பவன் என்பதால், எவ்வளவு எடை என்று எழுதிக் கேட்டேன். உங்க ஆபீஸ் தராசுல நிக்காது சார் என்றார். எங்கள் தராசுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது, விட்டுவிட்டேன். கல்யாணமானதுலேருந்து எனக்கு ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கித் தந்ததில்ல, தனக்குன்னா தொண்டைக்குள்ளயே ஏத்திக்கிறாரு பாருங்க டாக்டர் என்று அம்மா முறையிட்டாள். இது உண்மையன்று, நீ பிறந்த ஆண்டு ஒரு மோதிரம் வாங்கினேன். அத்தான், இனிமே உங்களைத் தனியா வெளியில விடக் கூடாது, திருடன் தூக்கிட்டுப் போயிடுவான் என்று உன் சின்ன மாமா தன் பங்கைச் சேர்த்தான்.

கதிர்வீச்சு அறையின் கதவில், தங்கம் முதலிய எந்த உலோகத்தையும் அணிந்தோ வைத்துக்கொண்டோ உள்ளே வரக் கூடாது என்று பலகை தொங்குகிறது. ஊசி போட்ட பிறகு முதல் நாள் அதைப் படித்துவிட்டு வாசலிலேயே நின்றேன். அம்மா தேநீர் வாங்கப் போயிருந்தாள். இயந்திரத்தை இயக்கும் பெண்ணிடம், என்னிடம் தங்கம் இருக்கிறது என்று துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். எங்கே சார் என்றாள். தொண்டையைச் சுட்டினேன். ஐயையோ, மோதிரத்தை முழுங்கிட்டீங்களா என்று அலறி, என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். மருத்துவர் ஓடிவந்து விளக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. அதற்குள் அம்மாவும் வந்துவிட்டாள். இந்த மனுஷன் மேலோகத்து வாசல்லகூட பலகையைப் படிச்சுட்டுத்தான் உள்ளே போவாரு என்றாள். சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்; தேநீர் ஆறிப்போயிற்று. மறுநாள் பலகையின் அடியில், மருத்துவர் செலுத்தியது நீங்கலாக என்று யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். இப்போது விதிப்படி உள்ளே போகிறேன்.

இம்மாதக் கடைசியில் சிகிச்சை முடியும். கட்டி கரைந்ததா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். குரல் திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் சார் என்றார் மருத்துவர். பதறிப்போய் ஓடி வராதே. உன் அலுவலகத்தின் விடுப்பு விதிகளைப் படித்துவிட்டு, முறையாக எழுதிக் கொடுத்து வா. மறைத்ததற்காக அம்மாவைக் கடிந்துகொள்ளாதே. அவள் என் முன்னால் அழுவதில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர் வீணாவது பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

உடலும் மனமும் திடமாக, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நன்றாக வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே. அம்மா பேசி முடித்ததும் தொலைபேசியை நான் வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் சத்தம் எதுவும் வராது. இணைப்பு அறுந்துவிட்டதென்று வைத்துவிடாதே. நீ பேசிக்கொண்டே இரு.

கோபமில்லாத,
உன் அப்பா