அலசி அனுப்பிய துணி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கம்பெனி சார்பில் நீ எங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பிய வாத்துப் படத் துணியும், குழந்தைச் சட்டையாகத் தைத்து விற்கப்படும் வாத்துப் படத் துணியும் ஒன்றல்ல. எங்களுக்கு வந்ததை நீ வீட்டில் மூன்று முறை வெந்நீரில் அலசி அனுப்பினாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். சின்னவள் நலம். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, 'மெதுவா ஓடுற போட்டின்னு நினைச்சேன்' என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை. மாடிக் குழாயை மாற்றியாயிற்று. அண்ணிதான் நலமில்லை.

உங்கள் கம்பெனி அயர்ன் பிரிவில் இரண்டு மாதமாக அண்ணி அந்தத் துணியைத்தான் தேய்க்கிறார். சூடு பட்டதும் நெடி கிளம்புகிறது. கண் சிவந்து நீர் வடிகிறது. விரலிடுக்குகள் வெடித்திருக்கின்றன. புருஷன் தூரதேசம் போன ஏக்கத்தில் அழுகிறாள் என்று பக்கத்து மேசைப் பெண்கள் கேலி செய்கிறார்களாம். 'அழறதுக்கு உங்க அண்ணன் என்ன அவ்வளவு பெரிய அழகனா?' என்று என்னிடம் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அந்த நெடி என்னவென்று உனக்குத் தெரியும். துணியில் சுருக்கம் விழாமலிருக்கப் போடும் ரெசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. தண்ணீரில் அலசினால் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் சோதனைத் துணியை அலசக் கூடாது, காற்றுப் புகாத பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும் என்று விதி.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். நீ துணி அனுப்பியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். பால்கனிக் கொடியில் ஒரு மீட்டர் வாத்துத் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாருக்குச் சட்டை என்று கேட்டேன். 'சும்மாதான், சாயம் போகுதான்னு பாத்தேன்' என்றாய். மறுநாள் அதே துணி என் மேசைக்கு வந்தது, காகித உறையில். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. கிளிப் போட்ட தடம்கூட மறையவில்லை. மோந்து பார்த்தேன். நம் வீட்டு சோப்பு.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் வரவுப் படிவத்தில் 'பாலிதீன் உறை, ஒட்டப்பட்டது' என்று எழுதினேன். இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தவன் நீ. வெளிநாட்டு அலுவலகத்துக்கு உன் பதவி உயர்வு அந்த வாரம் முடிவாக இருந்தது. ஒரு கிராம் துணியை நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வடிகட்டிச் சோதனைக் கரைசலைச் சேர்த்தேன். நஞ்சு இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. துணியில் குறையில்லை என்று அறிக்கை கொடுத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பு வருகிறது.

போன வாரம் அண்ணியின் மேசையில் கிடந்த துண்டு ஒன்றைப் பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி எடுத்துப்போய்ச் சோதித்தேன். சோதனைக் குழாய் அடர்மஞ்சளானது. குழந்தைத் துணிக்கு எல்லை, கிலோவுக்கு இருபது மில்லிகிராம். இதில் இருந்தது நூற்றெழுபத்து மூன்று.

எங்கள் மேலாளரிடம் காட்டினேன். தசமப் புள்ளி தவறினால் கத்துவார் என்பதால் அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். 'திருட்டுத் துண்டுக்கு ரிப்போர்ட் நம்பர் ஏதும்மா? அனுப்பினவர் எழுத்துல சொல்லட்டும், அன்னைக்கே பழசை ரத்து பண்றேன்' என்றார். கோழை. ஆனால் விதி பேசுகிற கோழை. உங்கள் கம்பெனி அந்தப் பழைய அறிக்கையைக் காட்டியே அடுத்த நாற்பதாயிரம் சட்டைகளை இருபதாம் தேதி கப்பலேற்றுகிறது. பல் முளைக்கும் குழந்தை சட்டைக் கழுத்தைச் சப்பும். உன் மகள் சப்பியதை நீ பார்த்திருக்கிறாய்.

மேலே சொன்னார்கள், செய்தேன் என்பாய். மேலே இருப்பவர்கள் வீட்டில் வாஷிங் மெஷின் இல்லையா? நம் வீட்டு மெஷின்தான் கிடைத்ததா?

'நான் அனுப்பிய துணி அலசப்பட்டது.' இந்த ஒரு வரி, கீழே கையெழுத்து, தேதி. அது போதும். உடம்பைப் பார்த்துக்கொள். வெளியே சாப்பிடுவதைக் குறை.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் பாசம் குறையாத தங்கை

*

அண்ணா,

இன்று பதினெட்டு. கடிதம் கிடைத்ததா என்று அண்ணி போனில் கேட்டதற்கு, கிடைத்தது என்று மட்டும் சொன்னாயாம். பிறகு, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தேய்க்கச் சொன்னாயாம்.

நான் என் பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டேன். காகித உறையில் வந்ததைப் பாலிதீன் என்று எழுதியது நான்தான் என்று. புள்ளி சார் இரண்டு முறை படித்தார். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். 'நல்ல பொண்ணு, இப்படிக் கெடுத்துக்கிட்டியே' என்றார். உங்கள் கம்பெனி அன்றே பதில் அனுப்பிவிட்டது: உறையில் நடந்தது ஆய்வக ஊழியரின் கவனக்குறைவு, துணியில் குறையில்லை. என் வேலை போனதுதான் மிச்சம். அறிக்கை அப்படியே நிற்கிறது.

முதல் நாளே நான் உண்மையை எழுதியிருந்தால் இந்தத் துணி ஆலையை விட்டே நகர்ந்திருக்காது. அந்த நாளை இனி நான் எங்கே போய்த் தேடுவேன்?

கொடியில் காயப்போட்டது நான்தானே, நானே எழுதித் தருகிறேன் என்கிறார் அண்ணி. கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன். அவர் வேலையும் போகும், அனுப்பியவர் சொன்னால்தான் செல்லும் என்று அதையும் ஒதுக்கிவிடுவார்கள். இதை உன் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பக்கத்து அறையில் இருமிக்கொண்டேதான் சின்னவளுக்குத் தலை பின்னிவிடுகிறார்.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அலசியவன் நீ. எழுது அண்ணா.

தங்கை