செவலையும் சஷ்டி விரதமும்

ஐப்பசி 9, திங்கள்

விடாத தூறல். நேற்றுத் தீபாவளி வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போன செவலை இன்னும் வெளியே வரவில்லை. இன்றும் மிச்ச வெடியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் எதிர்வீட்டில். அத்தனை வெடியும் நனைந்து போகட்டும்.

நாய் என்னுடையது இல்லை. ராதாபுரம் பக்கம் காற்றாலைக்குக் கீழே கிடந்ததாம். வளர்க்க ஆள் கிடைக்கிற வரைக்கும் வைத்திருங்கள் அக்கா என்று, நாய்க்குழு நடத்தும் சுபா கொண்டுவந்து விட்டுப்போனாள். உடம்பெல்லாம் உண்ணி. உண்ணிக் காய்ச்சல் என்றார் பாளையங்கோட்டை டாக்டர். மாத்திரை, காலையும் இரவும். செலவு என்னுடையது; சுபா தருவது வாட்ஸப்பில் இதயப் படம்.

அத்தைக்குச் சஷ்டி விரதம் ஆரம்பம். மாமியார் விரதம் என்றால் வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். "நாயி அடுக்களப் பக்கம் வந்துச்சு, நான் பொல்லாதவளாயிருவேன்." இனிமேல்தானா?

மாத்திரையை இட்லியில் வைத்தால் துப்புகிறது. வாழைப்பழம், அதுவும் துப்பல். தயிர்ச்சோற்றில் பிசைந்தால் மட்டும் உள்ளே போகிறது. கெட்டித் தயிராகப் பார்த்து விடுகிறேன்.

ஐப்பசி 11, புதன்

வெயில். துணி காய்ந்தது. செவலை எழுந்திருக்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. ஒரு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தும் ஏன்?

மருந்துக்கடையில் சண்டை. நல்ல மாத்திரைதானா என்று கேட்டேன்.

"மனுசனுக்குக் குடுக்குத அதே மாத்திரைதான் டீச்சர். நாய்க்குன்னு தனியாவா செய்யுதான்?" ஒரு இளிப்பு வேறு. அவன் மகன் என் கணக்கு வகுப்பில்தான் இருக்கிறான். இருக்கட்டும்.

இன்று எனக்கு ஆகாதவர்கள்: மருந்துக்கடைக்காரன். சுபா. நாயைக் கண்டதும் சேலையைத் தூக்கிப் பிடித்து நடக்கும் அத்தை. எது சொன்னாலும் "பாத்துக்கிடலாம்" என்கிற இவர். எதிர்வீடு, முழுக் குடும்பமும்.

விடைத்தாள் திருத்தவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறந்தேன்.

ஐப்பசி 12, வியாழன்

விடிந்ததும் செவலையின் மூக்கில் ரத்தம். நிற்கப் பார்த்தது, பின்னங்கால் மடிந்து விழுந்தது. பள்ளிக்கு லீவு. சுபாவுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. இவருக்கு பேங்கில் ஆடிட்டாம்.

ஆட்டோக்காரன்: "ரத்தம் வேற வடியுது. சீட்டு நாறிப்போச்சுன்னா எவன் ஏறுவான்?" தீபாவளிக்கு எடுத்த சேலையை விரித்து அதன் மேல் படுக்கவைத்தேன். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான். சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது முனகியது. செத்துப்போயிடாதே என்று வாய்விட்டே சொன்னேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான். பார்க்கட்டும்.

டாக்டர் ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார். உடம்பில் ரத்தமே மிச்சமில்லை என்றார்.

"மாத்திரை ஒழுங்காக் குடுத்தியளா?"

"ஒரு வேளை விடல."

"எதுல வச்சுக் குடுக்கிய?"

"தயிர்ச்சோத்துல."

பேனாவைக் கீழே வைத்தார். பால், தயிர் கூடப் போனால் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். இதை அன்றைக்கே சொல்ல என்ன கேடு என்று கேட்டேன்.

"எல்லாரும் கறியிலதாம்மா வச்சுக் குடுப்பாக. தயிர்ல குடுக்க ஆளிருக்குன்னு நான் யோசிக்கல. இனிமே முட்டை, இல்லன்னா ஈரல். ரத்தமும் ஊறணும்லா?"

ஆக, ஊட்டி ஊட்டி என் கையாலேயே கொன்றிருப்பேன். கெட்டித் தயிராகப் பார்த்து. டாக்டர் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. என் மேல் வந்தது அதைவிட.

வரும் வழியில் முட்டை வாங்கினேன். இந்த வயதுக்கு இதுதான் முதல் தடவை. எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. ஒன்று கைப்பைக்குள் உடைந்து, சாவி, பஸ் பாஸ் எல்லாம் கொழகொழ.

அத்தை வாசலிலேயே மறித்தார்கள். "சஷ்டியில முட்டையா? ஏளா, இந்த வீட்டுக்குள்ள இதுவரைக்கும் அந்த வாடை வந்ததுண்டா? ஒரு நாய்க்காவ குலத்தையே கெடுக்குதியே."

இவர்: "வெளிய எங்கனயாவது வச்சுப் பைய அவிச்சுக்கோயேன்."

கொல்லையில் மூன்று செங்கல், பழைய டப்பா, ஈர விறகு, தலைக்குமேல் தூறல். அவித்து உரித்தேன். வாடைக்கு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கருவுக்குள் மாத்திரையைப் புதைத்து நீட்டினேன். செவலை துப்பவில்லை. விரலையும் நக்கியது. வாந்தி எடுத்தது நான்தான்.

ஐப்பசி 14, சனி

மழை. சூரசம்ஹாரம். அத்தை என் நாத்தனாரிடம் போனில், எனக்குக் கேட்கிற மாதிரியே: "முருகனுக்கு நான் பட்டினி கெடக்கேன், உங்க மைனி கொல்லையில நாயிக்கு முட்டை உரிக்கா."

இவரும் இன்று சூடு. "நாயி வேணுமா, எங்கம்மா வேணுமான்னு முடிவு பண்ணிச் சொல்லு."

"என்ட்ட கேக்காதிய. பதிலக் கேட்டா உங்களுக்குத்தான் வருத்தம்."

அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு பேசவில்லை. நல்ல அமைதி. செவலை தானாக எழுந்து நின்று மூத்திரம் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐப்பசி 20, வெள்ளி

மேகம் விலகியது. ஈறு சிவக்கிறது. ரத்தம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். அவரிடம் நன்றி சொன்னேன், சிரிக்காமல். செவலை அத்தையைப் பார்த்துக் குரைத்தது. புத்திசாலி.

சாயந்திரம் சுபா போன். இத்தனை நாள் எங்கே போயிருந்தாளோ.

"அக்கா, செவலைக்கு வீடு கெடச்சிட்டு. அருமையான குடும்பம். உங்களமாரியே சுத்த சைவம். வீட்லயே பசு நிக்கி, பாலுக்கும் தயிருக்கும் பஞ்சமே இல்ல. நாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிருவாக."

"தர மாட்டேன்."

"மருந்து முடிஞ்ச பெறகு..."

"பெறகும் தர மாட்டேன்."

வைத்துவிட்டேன். அத்தை அடுக்களை வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். இவரும் பேப்பரை மடித்துவிட்டார்.

வெளியே விறகு ஈரம். முட்டையைக் கழுவி, பால் காய்ச்சுகிற பாத்திரத்திலேயே போட்டு, உள்ளே அடுப்பில் வைத்தேன்.