மாஸ்டர் சொன்ன வணக்கம்

என் வாயாடிக்கு,

நலந்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். ஓட்டலில் பாத்திரம் கழுவ என்னை மிஞ்ச ஆளில்லை.

என்னிடம் வருவதற்காகப் பிரெஞ்சு படிக்கிறாய், சந்தோஷம். ஆனால் போனை எடுத்தாலே "மாஸ்டர் சொன்னாரு, மாஸ்டர் சொன்னாரு"தான். அவருக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது? மூன்று வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறவன் நான்.

இங்கே ரொட்டிக் கடையில் நம் ஊர்ப் பழக்கத்தில் நுழைந்ததும் "ஒரு ரொட்டி" என்றுதான் கேட்பேன். கடைக்காரம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே தருவாள். என் நிறம் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கடைக்குள் நுழையும்போது, நீ போனில் சொன்னது ஞாபகம் வந்தது: "உள்ள போனதும் முதல்ல 'போன்ழூர் மதாம்'னு வணக்கம் சொல்லணுமாம். அப்புறம்தான் எதையும் கேக்கணுமாம்." சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தாள். மழையைப் பற்றிக்கூட ஏதோ பேசினாள்.

வெளியே வந்ததும் வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பும் மாஸ்டர் போட்ட பிச்சைதானா?

ஒரு உதவி. உன் பாட நோட்டை ஜெராக்ஸ் எடுக்காமல், உன் கையாலேயே எழுதி அனுப்பு. அவருடைய சிவப்பு மை 'மிக நன்று' ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. கூடவே உன் தலையணை உறை ஒன்றும் வை. இங்குள்ளவை உறுத்துகின்றன.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று: இங்கே பார்த்ததும் கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். அந்தப் பாடம் நடத்தும் அன்று நீ வகுப்புக்கு லீவு போடு. அதை நான் சொல்லித்தருகிறேன்.

உன் வீட்டுக்காரன்