காந்தத்துக்கு வளைந்த முகம்

பென்னலூர்,
13.10.1991

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அப்பா கையெழுத்து இல்லையே என்று திகைத்திருப்பாய். பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ ஆராய்ச்சிப் படிப்புக்கு அமெரிக்கா கிளம்பினதிலிருந்து பதினோரு மாசமாக நான் ஒரு வரி எழுதவில்லை, அப்பா எழுதும்போது கீழே என் பேரைப் போடக்கூட விடவில்லை.

போன மாசம் அப்பாவுக்கு எழுதியிருந்தாயே, எலக்ட்ரான்களை ஏறக்குறைய வெளிச்சத்தின் வேகத்துக்கு ஓடவிட்டு, வடக்கு தெற்கு என்று மாற்றி மாற்றி அடுக்கின காந்த வரிசைக்கு நடுவே அனுப்பினால் அது நெளிந்து நெளிந்து போய் வெளிச்சம் கொடுக்கும், அந்த வரிசைக்குப் பேர் அன்டுலேட்டர், நம் டிவி குழாய்க்குள் ஓடுவதும் எலக்ட்ரான்தான் என்று. அப்பா ஷிப்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தை நாலு தரம் படித்தேன். மனசு கேட்கவில்லை, பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கழற்றி டிவி முன்னால் பிடித்தேன். செய்தி படிக்கிற பெண்ணின் முகம் அப்படியே வளைந்து போனது. பயந்து கையை எடுத்தால் முகம் நேராகிவிட்டது, ஆனால் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கறை நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு அப்பா ஆசையாக வாங்கின கலர் டிவி. கரண்ட் சரியில்லை என்று சொல்லி ரெண்டு நாள் துணி போட்டு மூடி வைத்தேன், மூணாம் நாள் சொல்லிவிட்டேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன், அவர் என்னையே பார்த்துவிட்டு, அப்போ நீ அவ லெட்டரைப் படிக்கிற, என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தண்டலத்திலிருந்து மெக்கானிக் கண்ணப்பன் வந்து கரண்ட் கொடுத்த ஒரு வயர் வளையத்தைத் திரைக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டியே கறையைப் போக்கிவிட்டான். காந்தத்துக்கு வளைகிற எலக்ட்ரான் என் பொண்ணு சொல்ற மாதிரி ஏம்பா வெளிச்சம் குடுக்கல என்று அவனைக் கேட்டேன். யக்கா, எனுக்கு ரிப்பேர்தான் தெரியும், உன் பொண்ணையே கேட்டுக்கோ என்றான். அதனால்தான் கேட்கிறேன். ஒரு தரம் வளைந்தால் போதாதா, அத்தனை வேகமும் வேண்டுமா? முதலில் தனித்தனியாக வருகிற வெளிச்சமே எலக்ட்ரான்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, அப்புறம் எல்லாமாக ஒரே தாளத்தில் கொடுக்கும் என்கிறாய், பஜனையில் கைதட்டல் ஒன்று சேருகிற மாதிரியா? கொடுத்தபின் எலக்ட்ரானின் வேகம் குறைந்துவிடுமா, அதை என்ன செய்வீர்கள்? அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகுமா, கண்ணாடி போட்டுக்கொள்கிறாயா?

உன்னை ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பாதது இன்னும் மனசை அறுக்கிறது. கல்யாணப் பேச்சை இனி நான் எடுக்க மாட்டேன். தலைக்கு எண்ணெய் வை. நீ எடுத்த வேலை நல்லபடியாக முடியட்டும், நூறு வருஷம் நன்றாக இரு. பதிலை அப்பா பேருக்கு அனுப்பாதே, கவரில் என் பேரை எழுது.

உன் அம்மா,
ராஜாமணி