ஓட்டு இல்லாதவர்களின் தண்ணீர்

மார்ச் 3
காலையிலேயே புழுக்கம். சுகாதார நிலையத்தில் ஓ.பி. வரிசை கேட் வரை. அதில் ஆறு பேர் ஒரே லேடீஸ் ஹாஸ்டல், ஒரே கம்பெனி பஸ், ஒரே மாதிரி மஞ்சள் கண். எல்லாரும் தெற்கத்திப் பெண்கள். வள்ளியூர்க்காரி முத்துலட்சுமிக்குத்தான் அதிகம். நிற்கவே முடியவில்லை.
"லீவு போட்டா லைன்ல வேற ஆளப் போட்ருவாவ டாக்டர். ஊசி மட்டும் போடுங்க."
பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன்.
மதியம் ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தேன். போர்வெல்லுக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் நடுவே பத்தடி கூட இல்லை.
வாங்க வேண்டியது: பேனா ரீஃபில், தோசை மாவு, அப்பாவுக்கு பி.பி. மாத்திரை.

மார்ச் 4
ஊர்த் தண்ணீர் பற்றி ஊராட்சித் தலைவரிடம் என் மூன்றாவது கடிதம். கெட்டவர் இல்லை. மோர் வரவழைத்தார்.
"அந்தப் பொண்ணுங்கல்லாம் வெளியூரும்மா. ஒரு ஓட்டு கூட இங்க கெடையாது. ஓட்டு போட்ட தெருவுக்கே என்னால கொழா இழுக்க முடில."
கோபமில்லாமல்தான் சொன்னார். பதினெட்டு வருஷமாக வியாதியை எண்ணி எண்ணி மேலே அனுப்புகிறேன். மேலே என்றால் எங்கே?

மார்ச் 12
முத்துலட்சுமி போய்விட்டாள். அவள் அப்பா வந்திருந்தார், கையில் ஆஸ்பத்திரிக் காகிதம்.
"இதுல என்ன எழுதிருக்கு டாக்டர்?"
"கல்லீரல் வேலை செய்யலன்னு."
"தண்ணின்னு எழுதலயா?"
"அத எழுத இதுல எடமில்லைங்க ஐயா."
மடித்துப் பையில் வைத்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கும்பிட்டிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 2
அரசு வேலையை விட்டால்தான் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். ராஜினாமா எழுதி, கிழித்து, மறுபடி எழுதி.
வீட்டில் இவர் கேட்டார்: "தோத்துட்டா இன்னா பண்ணுவ?"
"படப்பையில கிளினிக்."
"ஜெயிச்சிட்டா?"
அதை யோசிக்கவே இல்லை.
நர்ஸ் மேரிக்குக் கோபம். "தலைவர் யாரு வேணா ஆவலாம் மேடம். டாக்டர் ஆவ முடியுமா?" அவள் சொல்வதும் சரிதானோ. கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 19
ஓட்டுக் கேட்டு நாலு தெரு. கால் வீக்கம். ஹாஸ்டல் போர்வெல் இன்னும் ஓடுகிறது.
கன்னியம்மா அக்கா, நாலு ரூம் வாடகைக்கு விட்டிருப்பவர், நாற்காலி போட்டார். பிறகு:
"தண்ணி கெட்டுப்போச்சுன்னு மைக்ல சொல்லிகினு போற. அப்பால என் வூட்டுக்கு யாரு குடி வருவா?"
"நீங்க எந்தத் தண்ணி குடிக்கிறீங்கக்கா?"
"நானு கேன் வாங்கிக்கிறேன்."
சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அக்டோபர் 6
ஜெயித்தது முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில். மாலை, வெடி. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், ஏனென்று தெரியாமல்.

அக்டோபர் 27
வெயில். ஊராட்சி ஆபீசில் ஹாஸ்டல் ஓனர். "போர்வெல்ல மூடுனா பொண்ணுங்கள இன்னிக்கே காலி பண்ணச் சொல்லிருவேன்." டாக்டராகவே இருந்திருந்தால் 'மூடவும்' என்று எழுதியதோடு என் வேலை முடிந்திருக்கும்.
மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். புதுக் குழாய் வரும்வரை ஊராட்சி லாரி தினமும் முதலில் ஹாஸ்டலுக்கு. ஒரு பெண்ணை வெளியே அனுப்பினாலும் போலீசில் புகார் என்றேன். முனகிக்கொண்டே போனார்.
வார்டு மெம்பர் கேட்டார்: "நமக்குப் போட்டவங்க தெரு காஞ்சிகினு கீது. அவங்களுக்கு மொதல்லயா?"
"ஆமா."
"அடுத்த தபா ஜெயிக்க வேணாமா?"
"வேணும்."
நாலு மணிக்கு லாரி மெயின் தெருவில் நிற்காமல் போனது. காலிக் குடத்தோடு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரசாரத்தின்போது எனக்கு ஆரத்தி எடுத்தவளும் அதில். என்னைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.
ஹாஸ்டலுக்கு ஏன் முதலில் என்று அவளிடம் சொல்லப் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினேன். திறக்கக் கொஞ்ச நேரமானது.