திங்கட்கிழமை பூட்டியிருக்கும்

இஞ்சாருங்கோ,

இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டுக்குள் இருந்த மனுசனுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுத என்ன தேவை இருந்தது? குசினியில் இருந்து குரல் கொடுத்தால் போதுமே. போன கிழமை உங்களுடைய முதலாம் ஆண்டுத் திவசம் முடிந்தது. ஐயர் வந்தார், முப்பது பேர் சாப்பிட்டார்கள், எல்லாரும் போன பிறகு ஏனங்களைக் கழுவி அடுக்கிவிட்டு உங்களுடைய கதிரையில் வந்து இருந்தேன். எனக்குக் களைப்பாக இருக்கிறதப்பா. வேலைக் களைப்பு இல்லை. என்ன களைப்பு என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள், நானும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன்.

சரி, செய்தியைச் சொல்கிறேன். நான் வெனிஸுக்குப் போகப்போகிறேன். சிரிக்காதீர்கள். ஓம், அதே கண்காட்சிக்குத்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உலகத்துக் கட்டடக்கலைக்காரர் எல்லாரும் வந்து கூடுகிற, நீங்கள் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அந்தக் கண்காட்சிக்கு.

உங்களுக்கு அது எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? கொழும்பில் கட்டடக்கலை படித்துவிட்டு, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னிக்கு வந்து, அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லக் கேட்டு, இருபது வருஷத்துக்கு மேல் யாரோ ஒருவருடைய கார்ப் பார்க்குக்கும் படிக்கட்டுக்கும் படம் கீறினீர்கள். ஒரு நாளாவது முறைப்பட்டதுண்டா? யார் வீட்டுக்காவது சாப்பிடப் போனால் மட்டும் படியில் பாதியில் நின்றுவிடுவீர்கள். "இதைக் கீறினவன் ஒருநாளும் படி ஏறாதவன்" என்று என் காதுக்குள் சொல்வீர்கள். நான் முழங்கையால் இடிப்பேன். அதைத் தவிர உங்களுடைய படிப்பைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னர் போனோமே, அந்தப் பயணத்தைத்தான் இப்போது எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி, சனி, ஞாயிறு என்று வெனிஸில் மூன்று நாள் தங்கப் பதிவு செய்து வைத்திருந்தீர்கள். அப்போதுதான் பரிஸில் இருந்து என் அண்ணா ரெலிபோன் எடுத்தார், பெரியபிள்ளையான மகளுக்கு அந்த ஞாயிறு சாமத்தியவீடு என்று. "மாமி நீ இல்லாமல் ஆர் பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது? ஐரோப்பாவுக்கு வந்துபோட்டு வராமல் போனால் நான் இஞ்ச ஆக்களின்ர முகத்தில முழிக்கிறேல்லையோ?"

நான் உங்களிடம் கேட்கவில்லை. சொன்னேன். "வெனிஸைத் திங்கட்கிழமைக்கு மாத்துங்கோ. ஒரு நாள் காணும்தானே, கட்டடம் ஓடியே போகப்போகுது?" என்று சொன்னேன். நீங்கள் கையில் இருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "ஓம், மாத்துவம்" என்றீர்கள்.

ஞாயிறு இரவு ரயில் ஏறித் திங்கள் காலை போய் இறங்கினோம். வாசலில் பெரிய இரும்புக் கதவு, சாத்திக் கிடந்தது. ஒரு குருவி இல்லை. "இண்டைக்கு ஏதோ லீவு போல கிடக்கு" என்றீர்கள். நான் என்ன செய்தேன்? இத்தாலிக்காரரைத் திட்டினேன். ஊரில்தான் நினைத்த நேரம் லீவு என்றால் இங்கேயுமா என்று கத்தினேன். நீங்கள் மதிலோரமாக என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தீர்கள். கதவின் கம்பிகளுக்குள்ளால் ஏதோ ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பின்னேரம் ரயில் ஏறிவிட்டோம். அடுத்த முறை பார்ப்போம் என்றீர்கள். அடுத்த முறை உங்களுக்கு இருதய ஒப்பரேஷன். அதற்கடுத்த முறை மகள் மதுவுக்குக் கலியாணம். பிறகு நீங்களே இல்லை.

இந்த வருஷம் நான் போவதென்று முடிவெடுத்ததும் மதுதான் கொம்பியூட்டரில் எல்லாம் பார்த்துத் தந்தாள். நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் இரண்டு கிழமை லீவு தந்தார்கள். கோயிலுக்குப் போன இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மேய்ஸ் ஹில் கோயிலில் சொன்னால் பிளாக்டவுன் வீட்டுக்கு வருமுன் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சொல்வீர்களே, அப்படியேதான். ஒரு அன்ரி செருப்புப் போடும் இடத்தில் மறித்துக் கேட்டார்: "வன்னியில சண்டை, சனம் பங்கருக்குள்ள கிடக்குது. நீர் இந்த நேரம் கண்காட்சி பாக்கப் போறீரோ?" எனக்கு அழுகை வந்தது. வன்னியில் எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இரவிரவாக ரேடியோ கேட்டுத்தான் விடிகிறது. ஆனால் அதே அன்ரியிடம் பரிஸில் கலியாணவீடு என்று சொல்லியிருந்தால், என்ன சீலை கட்டப்போறீர் என்றுதான் கேட்டிருப்பார்.

ஓம், பரிஸில் கலியாணவீடு. அண்ணாவின் மகனுக்கு. அதுவும் அதே இரண்டு கிழமைக்குள். எங்கட ஆட்கள் ஐரோப்பாவுக்கு ரிக்கற் போட்டால் அது பயணம் இல்லை, வீடு வீடாகப் போகிற வரிசை. லண்டனில் பெரியம்மாவைப் பார்க்காமல் வரலாமா? ஜேர்மனியில் சின்னம்மா கோவிக்க மாட்டாவா? அண்ணா ரெலிபோனில் நாட்களைப் பங்கு போட்டார். "முதல் கிழமை லண்டனும் ஜேர்மனியும். அடுத்த கிழமை வியாழன் தாலிக்குப் பொன்னுருக்கல், சனி கலியாணம், ஞாயிறு விருந்து, செவ்வாய் நாலாம் சடங்கு. புதன் உனக்குப் பிளேன். திங்கள் சும்மாதானே இருப்பாய்? காலமை பிளேனில போய் அந்தக் கண்காட்சியைப் பாத்துப்போட்டுப் பின்னேரம் ஓடி வா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி அண்ணா" என்றேன். வாயில் அதுதானே பழக்கம்.

அன்று பின்னேரம் அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று பார்க்க உங்களுடைய சாம்பல் நிறப் பைலை எடுத்தேன். நீங்கள் ஒன்றையும் எறியமாட்டீர்கள். அந்த மூன்று நாள் திட்டம் அப்படியே இருந்தது. எந்த நாள் எந்தப் பக்கம், எந்த நாட்டு மண்டபம் முதலில், எங்கே தேத்தண்ணி குடிக்கலாம் என்று உங்களுடைய அச்சுப் போன்ற எழுத்தில், நேரம் போட்டு. தாளின் மேலே சிவப்பு மையில் ஒரு வரி: "திங்கள் பூட்டு. வெள்ளி, சனி, ஞாயிறுதான் சரி." அடியில் இரண்டு கோடு.

அண்ணா எடுக்குமுன்னரே எழுதிய தாள் அது. உங்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்துகொண்டே ஞாயிறு இரவு ரயில் ஏறினீர்கள். தெரிந்துகொண்டே அந்தக் கதவடிக்கு என்னைக் கூட்டிப்போய், ஏதோ லீவு போல என்று சொன்னீர்கள். எனக்கு வந்த கோபம்! பைலைத் தூக்கி மேசையில் அடித்தேன். ஏனப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை? "திங்கள் பூட்டு" என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்?

இரண்டு நாள் உங்களோடு சண்டை பிடித்தேன். மூன்றாம் நாள் மரக்கறி வெட்டும்போது விளங்கியது. நீங்கள் சொல்லியிருந்தால் நான் அண்ணாவுக்கு ஏலாது என்று சொல்லியிருப்பேனா? மாட்டேன். அழுதிருப்பேன், பிறகு உங்களைக் கூட்டிக்கொண்டு பரிஸுக்குத்தான் போயிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆசையைத் தள்ளிவிட்டேன் என்று நான் பிறகு நினைத்துக் குமையக் கூடாது என்றுதானே அதை வெறும் லீவாக மாற்றினீர்கள்? ஆறு வருஷம் நான் நிம்மதியாக இத்தாலிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மற்ற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்ணா இரண்டாம் முறை எடுத்தபோது குரலைத் தணித்து, "நீ குறை நினைக்காதை. மணவறைப் பக்கம் வந்து ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஆக்கள் கதைப்பினம். பின்னுக்கு வந்து இருந்தால் எனக்குக் காணும்" என்றார். அன்று நான் இல்லாமல் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க முடியாது. இன்று நீங்கள் இல்லாதபடியால் நான் ஆரத்தி எடுக்கவும் ஆகாது. என் கை வேண்டாம், என் நாட்கள் மட்டும் வேண்டுமாம். அண்ணா கெட்டவர் இல்லை. அவருக்கு அது பிழையாகவே தெரியவில்லை, அதுதான் எனக்கு நெஞ்சு எரிந்தது.

நேற்று நானே அண்ணாவுக்கு எடுத்தேன். மது பக்கத்தில் நின்றாள். "அம்மா, ஜஸ்ட் சொல்லுங்கோ, எக்ஸ்பிளேன் பண்ணாதேங்கோ" என்றாள்.

"அண்ணா, நான் கலியாணத்துக்கு வரேல்லை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"லண்டனுக்கும் போகேல்லை, ஜேர்மனிக்கும் போகேல்லை. செவ்வாய் தொடங்கி ஞாயிறு வரைக்கும் வெனிஸில நிக்கிறன். பிள்ளையை நான் ஆசீர்வதிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"உனக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது."

"அப்ப தனியப் போய் என்னத்தைப் பாக்கப்போறாய்?"

மது சொன்னதை மறந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு மை, பூட்டின கதவு, எல்லாம். அவர் கேட்டாரோ தெரியாது. "சொந்தத்தை விடக் கல்லும் சீமெந்தும் பெரிசாப் போச்சு உனக்கு" என்று வைத்துவிட்டார். எனக்கு இருக்கிற ஒரே அண்ணா. எப்போது திரும்பப் பேசுவார் என்று தெரியாது. அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் ரிக்கற்றை மாற்றவில்லை.

உங்களுடைய மூன்று நாள் திட்டத்தை ஆறு நாளாக விரித்து வைத்திருக்கிறேன். மெதுவாகத்தான் நடப்பேன். நான் உங்களை அவசரப்படுத்தியது போல என்னை அவசரப்படுத்த அங்கே யாரும் இல்லை. ஒன்றும் விளங்காமல் போகலாம். உங்களிடம் கேட்டுப் படிக்க இருபத்தெட்டு வருஷம் இருந்தது, நான் கேட்கவில்லை. எந்தக் கட்டடத்தின் முன்னால் நீங்கள் நின்றிருப்பீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்பேன்.

உங்கள் மனைவி,
மதுவின் அம்மா,
பரமேஸ்