புசல்லாவைப் பெரியம்மா மகனுக்கு

மச்சான்,

பிரேக் கட்டை தீய்ந்த நாற்றம் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் அப்படியே இருக்கிறது. மடுல்கெல்லப் பக்கம் நீ கண்டுபிடித்து, "நல்ல ரோட்டு" என்று பெயரும் வைத்தாயே, அந்தக் கல்ரோட்டில் இன்றைக்குத் தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறேன். இறக்கத்தில் மதகுக்குப் பக்கத்தில் பின்சக்கரம் வழுக்கியது. நல்ல வேளை, விழவில்லை. நீ கூட இருந்த காலத்தில் விழுந்தாலும் தூக்கிவிட்டதில்லை, சைக்கிளுக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் பார்ப்பாய். உன்மேல் இருக்கிற கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் என் மனைவி. உன் பின்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதித்திருந்தால் அவள் அப்படிச் சொல்லமாட்டாள்.

நகரசபையில் வாரம் முழுக்கக் கதிரையைத் தேய்த்துக்கொண்டு சும்மா கிடந்தவன் நான். எனக்குத் தடித்த டயர் சைக்கிள் ஒன்றை வாங்கவைத்தவன் நீ. "தார் ரோட்டுல பஸ்காரன் கொன்னுருவான், தோட்டத்து ரோட்டுல அட்டை மட்டுந்தான் கடிக்கும்" என்றாய். தேயிலைக் கொழுந்து ஏற்றுவதற்கென்று வெட்டிய கல்ரோடுகள் கண்டியைச் சுற்றி எந்த மலையிலும் இருக்கின்றன, அத்தனையையும் ஓட்டி முடிக்காமல் சாகமாட்டேன் என்றாய். அந்த வாக்கையும் நீ காப்பாற்றவில்லை.

போன ரோட்டிலேயே திரும்பி வர உனக்குப் பிடிக்காது. "வந்த வழியே திரும்புறது தபால்காரன் வேலை" என்பாய். அதற்காக, மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களிடம் குறுக்கு வழி கேட்பாய். அவர்கள் காலால் நடக்கிறவர்கள், நடக்கிற வழியைத்தான் சொல்வார்கள் என்று நான் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன். கடுகண்ணாவையில் அப்படித்தான் ஒரு நாள் சைக்கிள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு படிபடியாக இறங்கி, யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்றோம். வீட்டுக்கார அம்மா கத்தினாள். நீ அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாய்.

தோட்டத்துக் கேட்டுகள் இன்னொரு தொல்லை. வெளியாளுக்கு காவலுக்கு நிற்கிற வாச்சர் கேட்டைத் திறக்கமாட்டார். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் முறையாக அனுமதி கேட்போம் என்பேன் நான். நகரசபைப் புத்தி என்று சிரிப்பாய். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வாச்சர் கேட்டால் உன் வாயில் பதில் தயாராக இருக்கும்: "நம்ம தங்கச்சி மேல் லயத்துல இருக்குங்க. புசல்லாவைப் பெரியம்மா மகன் வந்திருக்கேன்னு சொல்லுங்க." ஏன் புசல்லாவை என்று ஒரு நாள் கேட்டேன். "புசல்லாவையில சொந்தம் இல்லாத ஆளு நம்ம மலையில எவன்டா இருக்கான்? அவங்களே யோசிச்சு ஒரு பெரியம்மாவ கண்டுபிடிச்சிருவாங்க" என்றாய். நீ சொன்னபடியே கேட்டுகளும் திறந்தன. நான்தான் ஒவ்வொரு முறையும் வாச்சர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து செயினைச் சரிபார்ப்பேன்.

மடுல்கெல்லத் தோட்டத்தில் அந்தப் பொய் நம்மைப் பிடித்துக்கொண்டது. நீ வழக்கமான பாட்டைப் பாடியதும் வாச்சர் உன் கையைப் பற்றிக்கொண்டார். "நீங்கதான் அந்த மாமனா? வாங்க வாங்க, சடங்கு வீட்ல காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க!" என்று உன் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து ஓடினார். அங்கே பெரியவளான ஒரு பிள்ளைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். சீர் வைக்கத் தாய்மாமன் வரவில்லை. பிள்ளையின் தாய் ராஜேஸ்வரியின் கூடப்பிறந்த அண்ணன் கொழும்பில் இருந்தான், ஏதோ மனஸ்தாபம். "அவ பொறந்த வீட்டுப் பக்கம் ஒரு நாதியும் இல்ல" என்று மாமியார் ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, இறுக்கிப் பிடித்த சைக்கிள் கால்சட்டையோடும் முகமெல்லாம் சேறோடும் நீ போய் நின்றாய். "புசல்லாவைப் பெரியம்மா மகன் வந்துட்டாரு!" என்று வாச்சர் கூவினார். ராஜேஸ்வரி உன்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சத்தமாக, "வாங்கண்ணே, ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

ஓடிவிடலாம் என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ என் காதில், "அந்தப் புள்ள மொகத்த பாரு. இப்ப ஓடுனா நாம மனுஷனா?" என்றாய். அடுத்த மூச்சில் என்னைச் சபைக்குக் காட்டி, "இது என் தம்பி. சீர் சாமானெல்லாம் கீழ பஜார்ல இருக்கு, இப்ப எடுத்துட்டு வந்துருவான்" என்றாய்.

நான் போனேன். அந்தக் கல்ரோட்டை அப்போதுதான் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தேன். மறுபடி இறங்கி, சேலை, தேங்காய், பழம், வெற்றிலை, கற்கண்டு எல்லாம் வாங்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். உதிரிக் கல்லில் சக்கரம் சுற்றுமே தவிர சைக்கிள் நகராது. இறங்கித் தள்ளினால் கட்டு அவிழும். ஒரு தேங்காய் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது, அதை நான் நான்கு காலில் தவழ்ந்து தேடினேன். மேலே வந்து சேர்ந்தபோது நீ யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு, நெற்றியில் சந்தனத்தோடு, கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாய். "லேசான ஏத்தம்தானேடா" என்றாய். அன்றைக்கே உன்னைக் கொன்றிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை சேலையை வாங்கிக்கொண்டு உன் காலில் விழுந்தபோது நீ அழுதாய். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அத்தோடு விட்டாயா? பொங்கலுக்குப் போனோம். தீபாவளிக்குப் போனோம். பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணியதற்குப் போனோம். நீ போடுகிற வட்டப் பாதையெல்லாம் எப்படியோ அந்த லயத்து வாசலில் வந்து முடியும். எனக்கு அங்கே ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கியதில்லை. என்றைக்காவது புசல்லாவையிலிருந்து உண்மையான ஆள் ஒருவர் வந்து இறங்கினால், சபை நடுவே அந்தப் பெண்ணின் மானம் என்ன ஆகும்? ராஜேஸ்வரி வேறு கோழிக்கறியைப் போட்டுக்கொண்டே, "சின்னண்ணே, பெரியம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று என்னிடம்தான் கேட்பாள். நான் உன்னைப் பார்ப்பேன். நீ எலும்பைப் பார்ப்பாய். "உண்மைய சொல்லித் தொலைடா" என்று வருகிற வழியெல்லாம் கெஞ்சுவேன். "சொல்லலாம், சொல்லலாம், அடுத்த தடவ" என்பாய்.

போன வருடம் உன் இரும்புக் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே, மாரடைப்பில் விழுந்தாய். அடுத்த தடவை என்பது இல்லாமலே போயிற்று. செத்த வீட்டுக்கு அவர்கள் தோட்டத்து லொறியில் வந்து இறங்கி, "அண்ணே, அண்ணே" என்று ராஜேஸ்வரி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் மனைவி என்னை மூலைக்கு அழைத்து, "இவங்கள்லாம் யாருங்க?" என்று கேட்டாள். சைக்கிள் ஓட்டப் போன இடத்துப் பழக்கம் என்று சமாளித்தேன். அந்த நேரத்திலும் எனக்கு வேலை வைத்துவிட்டுத்தான் படுத்திருந்தாய்.

போன வாரம் ராஜேஸ்வரி போன் பண்ணினாள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெரியண்ணன் இல்லை, மாமன் சீரை நீங்கள்தான் வைக்க வேண்டும் என்றாள். இரவெல்லாம் புரண்டேன். சின்ன வயதில் பொம்மைக் கல்யாணம் விளையாடலாம், இது நிஜக் கல்யாணம். உரிமை இல்லாத ஒருவன் மாமன் என்று போய் நிற்பது பாவம் என்று பட்டது. நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் இன்றைக்குப் போனேன்.

சொன்னேன். கேட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் சுளகைக் கீழே வைத்தாள்.

"சின்னண்ணே, எங்க பெரியம்மாவுக்கு ஆம்பளப் புள்ளையே கெடையாது."

"அப்ப அன்னைக்கே தெரியுமா?" என்றேன்.

"அன்னைக்கு வாசல்ல பாத்த ஒடனேயே தெரியும். மாமியா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. புள்ள தல குனிஞ்சு உக்காந்திருக்கா. நான் என்னத்த சொல்ல? வாங்கண்ணேன்னு சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமையே பெரியண்ணன் தனியா வந்து, மன்னிச்சிரு தாயின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அண்ணேன்னு கூப்பிட்டாச்சு, இனி என்ன, கைய கழுவிட்டு வாங்க சாப்பிடன்னேன்."

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடையில் சாமான் எண்ண வேண்டும், சைக்கிள் ஓட்ட வரமாட்டேன் என்று சொன்னாய்!

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன்மா சொல்லல?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "நான் சொல்லிடுங்கன்னுதான் சொன்னேன். இரு தாயி, அவன் பயந்து பயந்து சாப்பிடுறது பாக்க அவ்வளவு நல்லா இருக்கும்னாரு. பெரியம்மா முழங்கால கேளுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவருதான்."

படுபாவி! எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை வறுத்துத் தின்றிருக்கிறீர்கள். இந்த ஒரு சமாச்சாரத்துக்காக நான் கோயிலில் நேர்த்தி வேறு வைத்திருக்கிறேன், தெரியுமா? நீ உயிரோடு இருந்திருந்தால் மடுல்கெல்லயிலிருந்து கண்டிவரை உன் சைக்கிளுக்குப் பின்னால் திட்டிக்கொண்டே வந்திருப்பேன். நீயும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே முன்னால் போயிருப்பாய். அதற்குக்கூட எனக்கு ஆளில்லாமல் செய்துவிட்டாய்.

சாப்பிட வைத்தாள். கோழிக்கறிதான். கூடவே அந்தப் பிள்ளை வந்து, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் காட்டி, "மாமா, கலர் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். கட்டாயம் வர்றேன் என்றும் சொல்லிவிட்டேன்.

ஆகவே அடுத்த மாதம் நான் வேட்டி கட்டிக்கொண்டு, சீர்த் தட்டோடு அந்தப் பந்தலில் நிற்பேன். மாப்பிள்ளை வீட்டார் நான் என்ன முறை என்று கேட்பார்கள். புசல்லாவைப் பெரியம்மாவின் சின்ன மகன் என்று கண் இமைக்காமல் சொல்வேன், அதைத்தான் உன்னிடம் படித்தாயிற்றே. "அப்ப பெரியவரு வரலையா?" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று நீ சொல்லிக்கொடுக்கவே இல்லையடா.